ராம் நிறைய இருந்தும் ‘மெமரி பத்தலை’ என்கிறதா? பழைய டாஸ் புரோகிராம்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் செக்காலை ரோட்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். லேப்டாப் வேலைதான் அதிகம். ஆனாலும் வாரத்துக்கு ஒருவராவது ஏதாவது ஒரு டாஸ் (விண்டோஸுக்கு முன்பு கம்ப்யூட்டரை நடத்திய சிஸ்டம்) காலத்துப் புரோகிராமோடு வந்துவிடுவார். அடகுக்கடை வட்டிக் கணக்கு, புதுவயல் ரைஸ்மில்லின் நெல் வரவு, டிரஸ்ட் பேரேடு, இல்லாவிட்டால் கல்லூரிப் பையன்கள் சி மொழி பழகுகிற டர்போ சி. சந்தேகம் மட்டும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனதால் எழுதியே வைத்துவிடுகிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன. வரிசையாகப் படியுங்கள், பின்னால் வருகிற பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் பேசுகின்றன.

அண்ணே, மெஷின்ல 4 ஜிபி ராம் இருக்கு, எங்க பழைய கணக்கு புரோகிராம் ‘நாட் இனஃப் மெமரி’ங்குது. இன்னொரு 4 ஜிபி வாங்கிப் போட்டுடவா?

வேண்டாம், காசு மிச்சம். அந்தப் புரோகிராம் கேட்பது 500, 550 கேபி. உங்கள் மெஷினில் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கிறது, ஆனால் அது அந்தப் புரோகிராமின் கைக்கு எட்டுகிற இடத்தில் இல்லை. டாஸ் புரோகிராமுக்கு மெமரியின் முதல் 640 கேபி மட்டும்தான் சொந்த இடம். அதற்குள் எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதுதான் கேள்வி. 8 ஜிபி போட்டாலும் அந்த 640 வளராது.

அதனால் யாராவது இந்தப் பிழைக்கு ராம் விற்க வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

அது என்ன 640? 500ன்னோ 1000ன்னோ முழுசா வச்சிருக்கக் கூடாதா?

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை இன்டெல் 8088 சிப்போடு வெளியிட்டது. அந்தச் சிப்புக்கு விலாசம் சொல்ல இருந்த கம்பிகள் 20. ஒவ்வொரு கம்பியும் 0 அல்லது 1. ஆக 2-ஐ 20 முறை பெருக்கினால் வருகிற 10,48,576 பைட், அதாவது 1 எம்பி, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த உலகம். கதவு எண் எழுதுகிற சீட்டில் அத்தனை இலக்கத்துக்குத்தான் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பின்னால் ஏக்கர் கணக்கில் தோட்டம் கிடந்தாலும் தபால்காரர் அங்கே போக வழியில்லை.

அந்த 1 எம்பியை ஐபிஎம் நம்மூர் வீடு மாதிரிப் பங்கு பிரித்தது. கீழே இருக்கிற 640 கேபி வளவு (வீட்டின் நடுப்பகுதி), புரோகிராம்கள் புழங்குகிற இடம். மேலே இருக்கிற 384 கேபி பங்காளிகளுக்கு எழுதி வைத்த அறைகள்: ஒன்று திரைக்கான வீடியோ மெமரிக்கு, ஒன்று மெஷினைக் கிளப்பிவிடுகிற பயாஸுக்கு, மற்றவை பின்னால் செருகப்போகும் கார்டுகளுக்கு. பங்காளி வந்து தங்கினாலும் தங்காவிட்டாலும் அறை அவர் பேரில்தான், பூட்டு தொங்கும். முதல் பிசி போர்டில் 16 கேபி ராமோடு கூட விற்பனைக்கு வந்தது என்பதால் 640 என்பது அன்றைக்குப் பெரிய அரண்மனை. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

‘640 கேபி யாருக்கும் போதும்’னு பில் கேட்ஸ் சொன்னதாலதானே இந்த வினை?

அப்படிச் சொல்லவே இல்லை என்று அவரே மறுத்திருக்கிறார், சொன்னதற்கு ஆதாரமும் கிடையாது. பங்கு பிரித்தது ஐபிஎம், கம்பி எண்ணிக்கை இன்டெல்லுடையது.

சரி, 640 இருக்கு. ஆனா புரோகிராமுக்கு 520தான் கிடைக்குது. மிச்சத்தை யார் தின்னது?

முதலில் டாஸ். அப்புறம் மெஷின் ஏறும்போது டாஸ் படிக்கிற கான்ஃபிக்.சிஸ் கோப்பில் எழுதியிருக்கும் டிரைவர்கள், ‘ஃபைல்ஸ்’, ‘பஃபர்ஸ்’ என்று ஒதுக்கிய இடம், அதற்கு அடுத்து ஓடுகிற ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் கூப்பிட்ட மவுஸ் டிரைவர், சிடி டிரைவுக்கான எம்எஸ்சிடெக்ஸ், டிஸ்க்கை வேகப்படுத்துகிற ஸ்மார்ட்டிரைவ், நெட்வொர்க் இருந்தால் அதன் டிரைவர்கள். இவையெல்லாம் வேலை முடிந்ததும் கிளம்பாத விருந்தாளிகள். பின்னணியில் உட்கார்ந்தே இருப்பதுதான் இவற்றின் வேலையே.

யார் எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க, டாஸ் 5 அல்லது 6 இருந்தால் ‘மெம்’ கட்டளையோடு ஒரு சாய்வுக்கோடு போட்டு ‘சி’ சேர்த்து அடியுங்கள், பேர் பேராகக் காட்டும். அதில் கடைசிப் பக்கம் ‘லார்ஜஸ்ட் எக்ஸிக்யூட்டபிள் புரோகிராம் சைஸ்’ என்று ஒரு வரி வரும், உங்களுக்கு வேண்டியது அந்த எண் மட்டும்தான். மொத்தக் காலி இடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சில மெஷினில் மொத்தமே 640-க்குப் பதில் 639 காட்டும். அந்த 1 கேபியை பயாஸ் தன் சொந்தக் குறிப்புக்கு எடுத்துக்கொண்டது, ராம் பழுதில்லை. இதற்காகவே ஒருவர் ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துத் தேய்த்து மாட்டிக்கொண்டிருந்தார்.

எக்ஸ்பாண்டட், எக்ஸ்டெண்டட்னு ரெண்டு சொல்றாங்களே, ஒண்ணுக்கு ரெண்டு பேரா?

இல்லை, இரண்டும் வேறு வேறு. இந்தப் பேர் குழப்பத்துக்கு மட்டும் அந்தக் காலத்து ஆட்களைத் திட்டலாம்.

எக்ஸ்பாண்டட் என்பது, 1 எம்பிக்கு மேல் போகவே தெரியாத சிப்புக்காகச் செய்த தந்திரம். லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 1985-ல் வகுத்தது. ஸ்ப்ரெட்ஷீட் பெருத்துப்போய் லோட்டஸ் 1-2-3 பயனர்கள் அலறியதுதான் அதற்குக் காரணம். கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்திரமெல்லாம் மாடி அறையில் கிடக்கிறது, கீழே நான்கு பாய் விரிக்கத்தான் இடம். வேண்டியதை இறக்கிப் பாயில் வைத்து வேலை முடிந்ததும் ஏற்றிவிட்டு அடுத்ததை இறக்குவோம் இல்லையா. அந்த நான்கு பாய்தான் 64 கேபி பேஜ் ஃப்ரேம், ஒவ்வொன்றும் 16 கேபி. அது விரிக்கப்படுவது பூட்டிய பங்காளி அறைகளில் ஒரு காலி இடத்தில். இப்படியே முதலில் 8 எம்பி வரையும், 1987-ல் வந்த 4.0 விதிப்படி 32 எம்பி வரையும் புழங்கலாம்.

எக்ஸ்டெண்டட் என்பது 1 எம்பிக்கு அப்பால் நேராகவே நீளுகிற மெமரி, அதாவது அந்தத் தோட்டம். 286 சிப்புக்கு 24 கம்பி, 16 எம்பி வரை எட்டும். 386-க்கு 32 கம்பி, 4 ஜிபி. ஆனால் டாஸ் ஓடுகிற ரியல் மோடில் சிப் தன்னைப் பழைய 8088 போலவே பாவித்துக்கொள்ளும், தோட்டக் கதவு திறக்காது. அதனால் அங்கே போய்வர ஒரு ஒழுங்கு வேண்டியிருந்தது, 1988-ல் எக்ஸ்எம்எஸ் என்ற விதி வந்தது. அதை நடத்துகிற டிரைவர்தான் ஹைமெம்.சிஸ்.

ஹைமெம் போட்டா 64 கேபி சும்மா கிடைக்கும்னு ஒருத்தர் சொன்னாரு, நெசமா?

நிஜம்தான், துல்லியமாக 65,520 பைட். எனக்குப் பிடித்த கதை இது. 8088 விலாசம் எழுதுகிற முறையில் (ஒரு எண்ணை 16-ஆல் பெருக்கி இன்னொன்றைக் கூட்டுவது) 1 எம்பியைக் கொஞ்சம் தாண்டியும் எழுத முடியும். ஆனால் 21-வது கம்பி இல்லாததால் தாண்டிய விலாசம் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கே வந்து சேரும். சில புரோகிராம்கள் இந்தச் சுற்றலையே நம்பி எழுதப்பட்டன. 1984-ல் 286 வைத்து பிசி ஏடி வந்தபோது கம்பி கூடிவிட்டது, விலாசம் சுற்றாமல் நேரே போய்விடும், பழைய புரோகிராம் படுத்துவிடும். உடனே ஐபிஎம் என்ன செய்தது தெரியுமா, 21-வது கம்பிக்கு ஒரு கதவு போட்டு, அதன் தாழ்ப்பாளைக் கீபோர்டு கண்ட்ரோலரில் சும்மா கிடந்த ஒரு பின்னில் கட்டிவிட்டது. ஏ20 கேட் என்பது அதுதான். (கம்பிகளை 0-லிருந்து எண்ணுவதால் 21-வது கம்பியின் பேர் ஏ20.)

ஹைமெம் அந்தத் தாழ்ப்பாளைத் திறக்கிறது. திறந்ததும் 1 எம்பிக்கு மேலே ஏறக்குறைய 64 கேபி துண்டு ஒன்று ரியல் மோடிலேயே கைக்கு எட்டுகிறது. 1991-ல் வந்த டாஸ் 5 தன் உடம்பில் பெரும்பகுதியை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளக் கற்றது. வளவு அந்த அளவுக்குக் காலியாகும்.

கதை இருக்கட்டும்ணே, கான்ஃபிக்.சிஸ்ல என்ன எழுதணும்னு மட்டும் சொல்லுங்க.

386-ம் அதற்கு மேலும், டாஸ் 5 அல்லது 6 என்றால்: முதல் வரி ஹைமெம்.சிஸ்ஸைக் கூப்பிட வேண்டும். அடுத்த வரி ஈஎம்எம்386.எக்ஸ்ஈ. இந்த வரிசை மாறக்கூடாது, மாற்றினால் இரண்டாவது ஏறாது. மூன்றாவது, டாஸ் என்று எழுதிச் சமன்குறி போட்டு ‘ஹை, யுஎம்பி’. அதன்பிறகு வருகிற டிரைவர்களுக்கு ‘டிவைஸ்’ என்பதற்குப் பதில் ‘டிவைஸ்ஹை’, ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் கூப்பிடுகிறவற்றுக்கு முன்னால் ‘லோட்ஹை’. யுஎம்பி என்பது முன்னே சொன்ன பூட்டிய அறைகளில் பங்காளி வராமலே கிடக்கிறவை. ஈஎம்எம்386 அந்தப் பூட்டைத் திறந்து விருந்தாளிகளை அங்கே படுக்க வைக்கிறது.

ஈஎம்எம்386 வரியின் கடைசியில் ‘நோஈஎம்எஸ்’ அல்லது ‘ராம்’ என்று எழுதுவதுதான் எல்லோரும் தடுமாறுகிற இடம். உங்கள் புரோகிராமுக்கு எக்ஸ்பாண்டட் வேண்டாம் என்றால் ‘நோஈஎம்எஸ்’, நான்கு பாய்க்கான 64 கேபியும் விருந்தாளிகளுக்குக் கிடைக்கும். வேண்டும் என்றால் ‘ராம்’. இப்படி ஒழுங்காகச் செய்தால் 600 கேபிக்கு மேல் காலியாக்குவது கஷ்டமில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: காலி என்று நினைத்த அறையில் ஒரு நெட்வொர்க் கார்டு நிஜமாகவே குடியிருந்தால் மெஷின் அப்படியே உறைந்துவிடும். அப்போது அந்த விலாசத்தை மட்டும் விலக்கச் சொல்லி அதே வரியில் ‘எக்ஸ்’ போட்டு எழுத வேண்டும். டாஸ் 6-ல் மெஷின் ஏறும்போது எஃப்5 அழுத்தினால் இந்தக் கோப்புகளைத் தொடாமல் ஏறும், எஃப்8 என்றால் வரிவரியாகக் கேட்டு ஏறும். தப்பாக எழுதிவிட்டோமே என்று பதற வேண்டாம்.

டாஸ் 6-ல மெம்மேக்கர் இருக்கே, அதையே ஓட்டிட்டா என்ன?

ஓட்டலாம், இதே வேலையைத் தானே செய்துகொடுக்கும். முதலில் அந்த இரண்டு கோப்பையும் நகல் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். நான் கையால் எழுதுவதுதான் வழக்கம், அது ஒரு பிடிவாதம்.

நீங்க சொன்ன மாதிரி பண்ணி 610 கேபி காலி. இப்ப முன்னாடி ஓடுன புரோகிராமே ‘பேக்டு ஃபைல் இஸ் கரப்ட்’னு நிக்குது. ஃப்ளாப்பி போச்சா?

ஃப்ளாப்பி நன்றாகத்தான் இருக்கிறது. இது மெமரி அதிகமானதால் வருகிற நோய்! டிஸ்க்கில் இடம் மிச்சம் பிடிக்க, எக்ஸ்ஈ கோப்பையே சுருக்கி வைக்கிற பழக்கம் அன்றைக்கு உண்டு. ஓடும்போது அது தன்னைத்தானே விரித்துக்கொள்ளும். அந்த விரிக்கிற துணுக்கில் ஒரு பிழை இருந்தது. மெமரியின் முதல் 64 கேபிக்குள் ஏற்றினால் விலாசக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய், மேலே சொன்ன சுற்றலை நம்பி நிற்கும். முன்பெல்லாம் அந்த இடத்தில் டாஸ் உட்கார்ந்திருந்ததால் எந்தப் புரோகிராமும் அவ்வளவு கீழே ஏறியதே இல்லை, பிழை யார் கண்ணிலும் படவில்லை. இப்போது டாஸை மேலே அனுப்பிவிட்டோம், ஏ20 கதவும் திறந்திருக்கிறது. குட்டு வெளிப்பட்டுவிட்டது.

மருந்து சுலபம். புரோகிராம் பேருக்கு முன்னால் ‘லோட்ஃபிக்ஸ்’ என்று அடித்து ஓட்டுங்கள். அது முதல் 64 கேபியை அடைத்து வைத்துவிட்டு அதற்கு மேலே ஏற்றும். டாஸ்பாக்ஸிலும் (இன்றைய மெஷினில் டாஸ் காலத்து மெஷினைப் போல நடிக்கிற புரோகிராம்) இதே பேரில் கட்டளை உண்டு.

640தான் எல்லைன்னு சொல்றீங்க, டூம் கேம் 4 எம்பி கேட்டுச்சே?

நல்ல கேள்வி. 1993-ல் வந்த டூம் மாதிரியானவை டாஸ் எக்ஸ்டெண்டர் என்ற ஒன்றைக் கூடவே கொண்டுவந்தன, திரையில் ‘டாஸ்/4ஜிடபிள்யூ’ என்று ஒரு வரி ஓடுமே அதுதான். அது 386-ஐ புரொடெக்டட் மோடுக்கு மாற்றி, தோட்டம் முழுவதையும் நேராகத் திறந்துவிடும். கோப்பு படிக்கவேண்டியபோது மட்டும் கீழே இறங்கி டாஸிடம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகும். இப்படிப்பட்ட புரோகிராமுக்கு ராம் கூடினால் நிஜமாகவே பிரயோஜனம் உண்டு. முதல் கேள்விக்குச் சொன்ன பதில் இவற்றுக்குப் பொருந்தாது.

புது மெஷின் வாங்குனோம், அடகுக்கடை ஃபாக்ஸ்புரோ புரோகிராம் திறக்கவே மாட்டேங்குது. இதுவும் மெமரியா?

இல்லை. உங்களுடையது டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம், 64 பிட் விண்டோஸ் அதை ஓட்டவே ஓட்டாது. சிப் 64 பிட் மோடில் இருக்கும்போது பழைய 8086 போல நடிக்கிற வசதி அதற்கு இல்லை. 32 பிட் விண்டோஸில் அது இருந்தது, விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு கிடைத்தது. விண்டோஸ் 11-ல் 64 பிட் மட்டும்தான்.

வழி என்றால் டாஸ்பாக்ஸ் மாதிரி ஒரு எமுலேட்டர். ஆனால் டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காகச் செய்தது, பிரிண்டர் அதில் நேராக வராது. அடகுச் சீட்டு அடிக்க வேண்டும் என்றால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ், விடாஸ் இரண்டில் ஒன்றைப் பாருங்கள், அவற்றில் பிரிண்ட் உண்டு. எதைப் போட்டாலும் முதல் ஒரு மாதம் கைப்பேரேட்டையும் சேர்த்தே எழுதச் சொல்வேன். நகை கணக்கு பாருங்கள், ஒரு கிராம் தப்பினாலும் வாசலில் பஞ்சாயத்து.

டாஸ்பாக்ஸ்ல மெமரி 16ன்னு இருக்கு. அதை ஏத்திவிட்டா வேகமா ஓடுமா?

ஓடாது. அந்த 16 எம்பி எக்ஸ்டெண்டட் கணக்கு, அதிகபட்சம் 63 வரை ஏற்றலாம், சாதாரணக் கணக்குப் புரோகிராமுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. 640-க்குள் இருக்கிற இடமோ டாஸ்பாக்ஸில் ஏற்கெனவே தாராளம், 630 கேபியை ஒட்டிக் கிடைக்கும், ஹைமெம் வேலையெல்லாம் உள்ளேயே நடந்துவிடுகிறது. வேகத்துக்கு ‘சைக்கிள்ஸ்’ என்ற இடத்தைத் தொடுங்கள்.

சார், டர்போ சி-ல 200க்கு 200 இன்ட் அர்ரே போட்டா எர்ரர். லேப்டாப்ல 16 ஜிபி இருக்கு!

தம்பி, டர்போ சி-யில் ஒரு இன்ட் 2 பைட். 200 × 200 × 2 = 80,000. 8088 தன் மெமரியை 64 கேபித் துண்டுகளாகத்தான் பார்க்கும், அதாவது 65,536 பைட். ஒரு அர்ரே ஒரு துண்டுக்குள் அடங்க வேண்டும். மெமரி மாடலை ‘லார்ஜ்’ என்று மாற்றினால் சரியாகிவிடும் என்று உங்கள் சீனியர் சொல்லியிருப்பார், ஒற்றை அர்ரேக்கு அது உதவாது. ஆனால் ‘லார்ஜ்’ வைத்துக்கொண்டு 200 வரிசையையும் தனித்தனியாக மாலக் செய்தால் ஒவ்வொன்றும் 400 பைட்தான், தாராளமாக நடக்கும். ஒரே துண்டாகத்தான் வேண்டும் என்றால் ஃபார்மாலக், ஹியூஜ் பாயிண்டர். பாடத்துக்குக் கட்டாயம் இல்லையென்றால் புதுக் கம்பைலர் ஒன்று போட்டுக்கொள், இந்தத் தலைவலியே இல்லை.

‘ரன்டைம் எர்ரர் 200’னு வருது, 200 கேபி குறையுதுன்னு அர்த்தமா?

இல்லை, அது வெறும் பிழை எண், மெமரிக்குச் சம்பந்தமே இல்லை. டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம்கள் ஆரம்பத்தில் சிப்பின் வேகத்தை அளந்து ஒரு வகுத்தல் போடும். சிப் ரொம்ப வேகமாக இருந்தால் விடை 16 பிட்டுக்குள் அடங்காமல் கவிழ்ந்துவிடும். பழைய ஃபாக்ஸ்புரோவிலும் இதே போல ‘டிவைட்’ பிழை வரும். டாஸ்பாக்ஸில் சைக்கிள்ஸைக் குறைத்தால் போய்விடும்.

விண்டோஸ் 98 மெஷினுக்கு ஆசையா 1 ஜிபி போட்டேன், இப்ப மெமரி குறைவுன்னு சொல்லி விண்டோஸே ஏறலை.

ஆசை அதிகமாகிவிட்டது. 512 எம்பிக்கு மேல் போனால் விண்டோஸ் 98-ன் டிஸ்க் கேஷ் தனக்கென்று விலாசங்களை அளவில்லாமல் பிடித்துக்கொள்ளும், மற்றதற்கு விலாசம் தீர்ந்துவிடும். இங்கேயும் தீர்வது விலாசம்தான், ராம் இல்லை. சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் விகேஷ் என்ற பகுதியில் ‘மேக்ஸ்ஃபைல்கேஷ்’ அளவை 524288 அல்லது அதற்குக் கீழே எழுதுங்கள். அதைவிட, ஒரு ராமைக் கழற்றிவிடுவது லேசு.

தம்பி, ஐயா வச்சிருந்த மொய்க் கணக்கு நாலு ஃப்ளாப்பில லோட்டஸ்ல இருக்கு. அதைப் பார்க்க அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரே வாங்கணுமா?

கானாடுகாத்தானிலிருந்து வந்த ஒரு ஆச்சி கேட்டது. வாங்க வேண்டாம் ஆச்சி. புரோகிராமை ஓட்டினால்தானே மேலே சொன்ன வம்பெல்லாம், உங்களுக்கு வேண்டியது கணக்கு மட்டும். லோட்டஸின் டபிள்யூகே1 கோப்பை லிப்ரே ஆபீஸ் நேராகத் திறக்கும். ஃபாக்ஸ்புரோ, டிபேஸ் எழுதிய டிபிஎஃப் கோப்புகளையும் அப்படியே திறக்கும். அங்கிருந்து புதுக் கோப்பாகச் சேமித்துவிடலாம்.

சிக்கல் ஃப்ளாப்பியில்தான். சின்ன மூன்றரை அங்குலம் என்றால் யுஎஸ்பியில் செருகுகிற டிரைவ் போதும். வளைகிற பெரிய ஐந்தேகால் அங்குலம் என்றால் அதற்கு அந்தக் காலத்து டிரைவே வேண்டும், முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் எனாமல் தூக்குகளுக்கு நடுவே எப்போதாவது ஒன்று கண்ணில் படும். பூஞ்சை பிடித்திருந்தால் நீங்களாகத் துடைக்காதீர்கள், டிரைவில் போட்டுச் சோதித்தும் பார்க்காதீர்கள், ஒரு சுற்றுச் சுற்றினாலே கீறிவிடும். பீரோவில் எப்படி இருக்கிறதோ அப்படியே உறையோடு கொண்டுவாருங்கள்.